பாலியில் வாசலில் வைக்கும் பூத்தட்டு

கேள்வி: பாலித் தீவில் வீட்டு வாசலிலும் கடைப்படியிலும் தென்னங்குருத்தில் முடைந்த சிறு தட்டில் பூ வைக்கிறார்களே, அந்தப் பூக்களின் நிறங்களுக்குப் பொருள் உண்டா?

மறுமொழி 1: உண்டு. சனாங் சாரி எனப்படும் அந்தப் படையலில் வெள்ளைப் பூ கிழக்கிலும், சிவப்பு தெற்கிலும், மஞ்சள் மேற்கிலும், நீலமோ பச்சையோ வடக்கிலும் அமையும்படி அடுக்கி, முறையே ஈசுவரன், பிரம்மா, மகாதேவன், விஷ்ணு ஆகியோருக்கு உரியவையாகக் கருதுகிறார்கள். பிறகு ஊதுவத்தி கொளுத்தி, விரலிடுக்கில் பிடித்த பூவால் தண்ணீர் தெளிப்பார்கள்; எனக்கு மிகவும் பிடித்த காட்சி அது.

மறுமொழி 2: தரையில் வைப்பவை பூதகாலா எனப்படும் தீய ஆவிகளுக்கு உரியவை. ஊதுவத்தி எரிந்து முடிந்தபின் கோழி கிளறினாலும் பொருட்படுத்த மாட்டார்கள். 210 நாளுக்கு ஒருமுறை வரும் கலுங்கான் திருநாளிலோ படையல்கள் இன்னும் விரிவாக இருக்கும்.

கேள்வி கேட்டவர்: நன்றி. தரைப் படையலின் காரணம் இப்போதுதான் விளங்கியது.