மஞ்சத் தண்ணி வந்த வீடுகள்: உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

பாலாத்தங்கரை:
சிப்காட் பக்கம் போர் போட்டவங்களுக்கு நான் புதுசா சொல்ல ஒண்ணுமில்ல. எங்க எவர்சில்வர் குடத்துல நிறம் தெரியல. ஆடிக் கூழுக்குன்னு புது வெள்ளை பக்கெட் வாங்கித் தண்ணி பிடிச்சு வெச்சோம். ஆயா குனிஞ்சு பார்த்துட்டு, "யாருடா இதுல மஞ்சள் கரைச்சது?"ன்னாங்க. யாரும் கரைக்கல. அதுவரைக்கும் எத்தனை மாசம் குடிச்சோமோ, நினைச்சா தூக்கம் வரல. எல்லாம் தோல் பதனிடற டேனரிக்காரங்க பண்ணது.

மேல்விஷாரம் லேப்:
டேனரிக்கு நான் வக்காலத்து வாங்கல. ஆனா இது அந்த நிறம் இல்ல. தோல் பதனிடற குரோமியம் நீலப்பச்சை. மஞ்சள்னா குரோமேட், தண்ணியில கரையற விஷக் குரோமியம். ராணிப்பேட்டையில 1990கள்ல மூடின குரோமேட் ஆலையோட கழிவு மேடு மட்டும் லட்சம் டன்னுக்கு மேல. மழைக்குக் கரைஞ்சு பூமிக்குள்ள இறங்கற சரக்கு.

நான் கழிவுநீர் நிலையத்து லேப்ல இருந்தவன். டேனரித் தண்ணிக்குச் சுண்ணாம்பு போட்டாலே குரோமியம் சேறா உட்கார்ந்துடும். ஒருநாள் கூட்டாளி அவன் கிணத்துத் தண்ணி கொண்டாந்தான், மஞ்சள். சுண்ணாம்பு போட்டேன், அசையல. அன்னபேதி, அதான் இரும்பு உப்பு, கரைச்சு ஊத்திட்டு மறுபடி சுண்ணாம்பு. பீக்கர்ல திரிதிரியா திரண்டு இறங்குச்சு, மேல பளிங்குத் தண்ணி. "குடிக்கலாமா?"ன்னான். எனக்குக் கண்ணு அடிச்சேத்து மேலயே. எங்க நிலையத்துக்குப் பின்னால அதே மாதிரி சேறு மூட்டை மூட்டையா மழையில நனைஞ்சுட்டுக் கிடந்துச்சு.

ஆம்பூர் அக்கா:
எங்க தெருவுலயும் ஒரு போரை மூடினாங்க, என் கதை அவ்வளவுதான். பாலாத்தங்கரை தம்பி, இதைக் கேட்டுக்கோங்க. கொதிக்க வெச்சா போகாது, தண்ணி சுண்டச் சுண்ட இன்னும் அதிகமாகும். தேத்தாங்கொட்டை கலங்கலைத் தெளிய வைக்கும், கரைஞ்சதை எடுக்காது. நிறம் தெரியலைன்னாலும் நம்பாதீங்க. குடிதண்ணியில லிட்டருக்கு 0.05 மில்லிகிராம்தான் வரம்பு, அது கண்ணுக்கே தெரியாது. குடிநீர் வடிகால் வாரிய லேப்ல கொடுங்க, குரோமியம் பார்க்கணும்னு வாயைத் திறந்து கேளுங்க. ஆர்.ஓ. பெரும்பாலும் பிடிச்சுடும். ஆனா அது வெளிய தள்ற தண்ணியில குரோமியம் கூடுதலா இருக்கும். செடிகொடிக்கு விட்டுடாதீங்க.

பாலாத்தங்கரை:
ஆர்.ஓ. அப்பவே போட்டாச்சுக்கா. அந்த வெளிய போற தண்ணியை வீணாக்கக் கூடாதுன்னு மூணு வருஷமா ஆயா முருங்கைக்குத்தான் ஊத்தறாங்க. இன்னிக்குக் காலையிலயும் கீரை ஆய்ஞ்சு வெச்சிருந்தாங்க.