ரெண்டு தொகுதியில் நின்று ரெண்டிலும் ஜெயித்தால் டெபாசிட் ரெண்டும் திரும்பி வருமா?

குளத்துக்கரை:

எங்க ஊர் நாங்குநேரி சட்டமன்றத் தொகுதி. எம்.பி. தேர்தல்னு வந்தா நாங்க திருநெல்வேலி நாடாளுமன்றத் தொகுதியில வருவோம். 2019 ஏப்ரல்ல அதுக்கு ஓட்டுப் போட்டோம். அதே நாள்ல எங்க எம்.எல்.ஏ. வசந்தகுமார் பக்கத்து கன்னியாகுமரி தொகுதியில எம்.பி.க்கு நின்னு, ரெண்டரை லட்சம் ஓட்டுக்கு மேல வித்தியாசத்துல ஜெயிச்சார். அவர் நல்லவர், கெட்டவர்ங்கிற பேச்சு இல்ல, ஆள் இப்ப உயிரோடவும் இல்ல. ஆனா அவர் அங்க போகலாமா வேண்டாமான்னு சொல்ல எங்களுக்கு ஓட்டே கிடையாது. இடைத்தேர்தல் மட்டும் எங்க தலையில விழுந்துது. அக்டோபர் 21 அன்னைக்கு மறுபடி போய் மை வச்சுக்கிட்டோம்.

இதைத் தடுக்கச் சட்டம் இல்லையான்னு கேட்டா, “ரெண்டு தொகுதிக்கு மேல நிக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கேடா”ங்கிறார் எங்க மாமா. அப்படின்னா எம்.எல்.ஏ.வா இருந்துகிட்டே எம்.பி.க்கு நிக்கிறது எந்தக் கணக்குல வரும்?

கூடவே ஒரு பந்தயமும் ஓடுது. ரெண்டு தொகுதியிலயும் ஜெயிச்சா ரெண்டு டெபாசிட்டும் திரும்ப வரும்னு நான் சொல்றேன். வராதுங்கிறார் மாமா. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கறுப்புக்கோட்டு (சட்டக் கல்லூரி):

உங்க மாமா சொல்றது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 33(7). 1996 திருத்தத்துல வந்தது. அதுக்கு முன்னாடி எத்தனை இடத்துல வேணும்னாலும் நிக்கலாம். 1957-ல வாஜ்பாய் பல்ராம்பூர், மதுரா, லக்னோ மூணுலயும் நின்னு பல்ராம்பூர்ல மட்டும் ஜெயிச்சார். 1985-ல என்.டி.ஆர். குடிவாடா, இந்துப்பூர், நல்கொண்டா மூணுலயும் நின்னு மூணுலயும் ஜெயிச்சார். 1989-ல தேவிலால் மூணு மக்களவைத் தொகுதியில நின்னார், அதுவும் மூணு வேற வேற மாநிலத்துல.

இப்ப அதிகபட்சம் ரெண்டு. ஆனா இந்த ரெண்டுங்கிறது மக்களவைக்குத் தனி, சட்டமன்றத்துக்குத் தனி. ரெண்டு தேர்தலும் ஒண்ணா வந்தா ஒருத்தர் ரெண்டு எம்.பி. தொகுதி, ரெண்டு எம்.எல்.ஏ. தொகுதின்னு நாலு இடத்துல நிக்கிறதைக்கூட அந்தப் பிரிவு தடுக்காது. ஏற்கெனவே எம்.எல்.ஏ.வா இருக்கிறவர் எம்.பி.க்கு நிக்கிறதைப் பத்தி அதுல ஒரு வார்த்தையும் இல்ல.

பந்தயப் பணம் உங்களுக்குத்தான். ஜெயிச்சவருக்கு டெபாசிட் திரும்பிடும்.

பழைய துணை வட்டாட்சியர்:

குளத்துக்கரை தம்பி, பணத்தை மாமாவிடம் கொடுத்துவிடுங்கள். கோட்டுத் தம்பி பிரிவு 158-ஐ ஐந்தாம் உட்பிரிவு வரை படித்திருக்க வேண்டும். பொதுத்தேர்தலில் ஒரே ஆள் ஒன்றுக்கு மேற்பட்ட நாடாளுமன்றத் தொகுதியிலோ, ஒன்றுக்கு மேற்பட்ட சட்டமன்றத் தொகுதியிலோ களத்தில் இருந்தால், அவருக்கு அதிகபட்சம் ஒரு டெபாசிட்தான் திரும்பும். மற்றது அரசுக்கு. அந்த மற்றதில், டெபாசிட் தப்பத் தேவையான ஆறில் ஒரு பங்கு ஓட்டு வாங்கினாரா, ஜெயித்தாரா என்ற பேச்சே இல்லை. 2024-ல் ராகுல் காந்தி வயநாடு, ரேபரேலி இரண்டிலும் ஜெயித்தாரே, சட்டப்படி அதில் ஒரு 25,000 போனது போனதுதான். சட்டமன்றம் என்றால் 10,000. பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளருக்கு இதில் பாதி. ஒரு எம்.பி. தொகுதி, ஒரு எம்.எல்.ஏ. தொகுதி என்று கலந்து நின்றால் இந்த இழப்பு கிடையாது. 2014-ல் கே.சி.ஆர். மேடக் மக்களவைக்கும் கஜ்வேல் சட்டமன்றத்துக்கும் நின்றது அந்த வகை.

நான் வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். உதவித் தேர்தல் நடத்தும் அலுவலராக மனு வாங்கும் மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு தேர்தலில் ஒரு சுயேச்சை வந்தார். கக்கத்தில் பை, கையில் பக்கத்துத் தொகுதியில் டெபாசிட் கட்டிய ரசீது. “ஒரே ஆளுக்கு ஒரு டெபாசிட்தானே சார், அங்க கட்டிட்டேன், இங்க மனுவை மட்டும் வாங்கிக்கங்க” என்றார். ஒரே தொகுதியில் நாலு மனு வரை கொடுக்கலாம், நாலுக்கும் ஒரு டெபாசிட் போதும். அதை யாரோ அவருக்குப் பாதியாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். தொகுதி மாறினால் டெபாசிட்டும் தனி, முன்மொழிபவர்களும் தனி, அவர்கள் அந்தந்தத் தொகுதி வாக்காளராகவும் இருக்க வேண்டும். சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும். மூன்று மணிக்குக் கதவைச் சாத்துவோம். மனிதர் பணத்துக்கு அலைந்தாரே ஒழிய என்மேல் கோபப்படவில்லை, அதைச் சொல்ல வேண்டும்.

செலவுக் கணக்கு அதைவிடக் கூத்து. வேட்பாளருக்கு ஒரு பதிவேடு கொடுப்போம். அன்றாடக் கணக்கு வெள்ளைத் தாள், ரொக்கம் இளஞ்சிவப்புத் தாள், வங்கி மஞ்சள் தாள். இரண்டு தொகுதி என்றால் இரண்டு பதிவேடு, உச்சவரம்பும் தனித்தனி. அடுத்தடுத்த இரண்டு தொகுதியில் நின்ற ஒருவருக்குப் பிரசார வேன் ஒன்றுதான். காலையில் இங்கே, மாலையில் அங்கே. ஒரே டீசல் பில்லை ஜெராக்ஸ் எடுத்து இரண்டு பதிவேட்டிலும் ஒட்டி வைத்திருந்தார். எந்தக் கணக்கில் எவ்வளவு என்று பிரித்து எழுதச் சொல்லி, பிரசாரத்துக்குப் போகிற மனுஷனை அலுவலகத்து பெஞ்சில் கால்குலேட்டரோடு உட்கார வைத்தோம்.

மனுவிலேயே ஓர் உறுதிமொழி உண்டு. இந்தத் தேர்தலில் இரண்டு தொகுதிக்கு மேல் நான் மனு செய்யவில்லை, செய்யவும் மாட்டேன் என்ற பொருளில் வரும். கையெழுத்துப் போடுகிறவர்களில் பாதிப் பேர் அதைப் படிப்பதில்லை. நாலு இடத்தில் போட்டுவிட்டு இரண்டில் வாபஸ் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் 2001-ஐ நினைத்துக்கொள்ளட்டும். ஆண்டிபட்டி, கிருஷ்ணகிரி, புவனகிரி, புதுக்கோட்டை என்று நாலு இடத்தில் ஜெயலலிதா மனு கொடுத்தார். ஏப்ரல் 24 பரிசீலனையில் நாலும் தள்ளுபடி. டான்சி வழக்குத் தண்டனைதான் பெரிய காரணம். இரண்டுக்கு மேல் மனு செய்ததும் தள்ளுபடிக்கு ஒரு காரணமாக எழுதப்பட்டது.

இனி தம்பியின் முதல் கேள்வி. நாங்குநேரியில் நடந்ததற்கும் 33(7)-க்கும் சம்பந்தமே இல்லை. அங்கே வேலை செய்தது அரசியலமைப்பின் 101(2). நாடாளுமன்றம், சட்டமன்றம் இரண்டிலும் ஒருவர் உறுப்பினராக நீடிக்க முடியாது. 1950-லேயே போட்ட விதிப்படி, எம்.பி.யாகத் தேர்வானது அரசிதழில் வந்த 14 நாளுக்குள் சட்டமன்றத்தை விட வேண்டும். விடாவிட்டால் போவது எம்.பி. பதவி. எம்.எல்.ஏ. பதவி தானாகப் போய்விடும் என்று நினைத்துச் சும்மா இருந்தால் டெல்லி கைநழுவிவிடும். நாளைக்கே ‘ஒருவருக்கு ஒரே தொகுதி’ என்று சட்டம் வந்தாலும் உங்கள் ஊரில் அந்த இடைத்தேர்தல் நடந்துதான் இருக்கும்.

ஈரோட்டு மஞ்சள்:

எல்லாரும் ரெண்டு தொகுதின்னாலே திருட்டுத்தனம் மாதிரிப் பேசுறீங்க. கட்சித் தலைவர் ஊர் ஊரா சுத்தணும். சொந்தத் தொகுதியில எதிர்க்கட்சி மொத்தமும் வந்து உட்கார்ந்துக்கும். 2019-ல ராகுலுக்கு அமேதி போச்சு, வயநாடு இல்லைன்னா அவர் அவைக்கே வந்திருக்க முடியாது. 2024-ல நவீன் பட்நாயக் காந்தாபாஞ்சியில தோத்தார், ஹிஞ்ஜிலிதான் காப்பாத்துச்சு. மோடியும் 2014-ல வதோதரா, வாரணாசி ரெண்டுலயும் நின்னவர்தான். உச்ச நீதிமன்றமே 2023 பிப்ரவரியில, இது நாடாளுமன்றம் முடிவு பண்ண வேண்டிய விஷயம்னு மனுவைத் தள்ளுபடி பண்ணிடுச்சு.

ஹூஸ்டன் தமிழன்:

நான் இருக்கிற டெக்சாஸ்ல இதுக்குன்னே ஒரு ஆளுக்காகச் சட்டத்தை மாத்தினாங்க. லிண்டன் ஜான்சன் 1960-ல செனட்டுக்கும் துணை அதிபர் பதவிக்கும் ஒரே நேரத்துல நின்னார், ரெண்டும் ஜெயிச்சார். செனட்டை விட்டார். 1961 இடைத்தேர்தல்ல அந்த இடத்தை எதிர்க்கட்சிக்காரர் ஜான் டவர் தட்டிக்கிட்டுப் போனார். அதே சட்டத்துல 1988-ல லாயிட் பென்ட்சனும் ரெண்டுக்கும் நின்னார். துணை அதிபர் பதவி கிடைக்கல, செனட் இருந்துச்சு.

பழைய துணை வட்டாட்சியர்:

ஹூஸ்டன் தம்பி சொன்னது நம் ஊரிலும் நடந்திருக்கிறது. 2021-ல் அ.தி.மு.க.வின் கே.பி. முனுசாமி வேப்பனஹள்ளியிலும் வைத்திலிங்கம் ஒரத்தநாட்டிலும் ஜெயித்தார்கள். இருவரும் அப்போது மாநிலங்களவை உறுப்பினர்கள். எம்.எல்.ஏ. பதவியை வைத்துக்கொண்டு மாநிலங்களவை இடத்தை விட்டார்கள். காலியான இரண்டு இடத்துக்கும் எம்.எல்.ஏ.க்கள் ஓட்டுப் போடும் தேர்தலைத் தனித்தனியாகத்தான் வைப்பார்கள். அதனால் சட்டமன்றத்தில் பெரும்பான்மை யாருக்கோ இரண்டும் அவர்களுக்கே. இரண்டும் போட்டியில்லாமல் தி.மு.க.வுக்குப் போயின. ஜெயித்ததால் கட்சிக்கு டெல்லியில் இரண்டு இடம் நஷ்டம்.

மஞ்சள் சாருக்கு ஒன்று. தோற்றால் பிழைக்க இன்னொரு கிளை வேண்டும் என்பது தலைவரின் தேவை, மறுக்கவில்லை. அதற்கான செலவை அவர் தரட்டும் என்கிறேன். 2004-லேயே தேர்தல் ஆணையம் இதைத்தான் கேட்டது: ஒரே தொகுதி என்று திருத்துங்கள், முடியாவிட்டால் இடைத்தேர்தலுக்குக் காரணமானவரிடம் சட்டமன்றத்துக்கு 5 லட்சம், மக்களவைக்கு 10 லட்சம் வாங்குங்கள் என்று. சட்ட ஆணையம் 2015-ல் தன் 255-ஆவது அறிக்கையில் ஒரே தொகுதிதான் என்றது. இரண்டும் அலமாரியில் இருக்கின்றன. ஆனால் அந்த 10 லட்சம் இன்று ஒரு மக்களவை வேட்பாளருக்குச் சட்டமே செலவழிக்க அனுமதிக்கும் 95 லட்சத்தில் சுமார் பத்தில் ஒரு பங்குதான், பெரிய கட்சிக்கு உறைக்காது. சின்னக் கட்சிதான் யோசிக்கும். அது சரியா என்றும் எனக்குத் தோன்றுகிறது.

என்னைக் கேட்டால் வசூலைவிட, பதவியில் இருக்கிறவர் வேறு அவைக்கு மனு செய்யும்போதே பழையதை விட்டுவிட்டு வர வேண்டும் என்ற விதிதான் தேவை. தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இடைத்தேர்தல் அப்போதும் வரும். ஆனால் எத்தனை பேர் துணிந்து மனு செய்வார்கள் என்று பார்க்கலாம்.

குளத்துக்கரை:

நன்றி சார். பிரிவு 158 உட்பிரிவு 5-ஐ அப்படியே மாமாவுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிட்டேன். பணத்தை இப்பவே ஜிபே பண்ணுன்னு பதில் வந்திருக்கு. ஒரு சந்தேகம் பாக்கி: அந்த வேன்காரர் டெபாசிட் என்ன ஆச்சு?

பழைய துணை வட்டாட்சியர்:

இரண்டு தொகுதியிலும் ஆறில் ஒரு பங்குக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. இரண்டும் போயிற்று. கணக்கை மட்டும் 30 நாளுக்குள் ஒழுங்காகத் தாக்கல் செய்தார், டீசலைப் பிரித்து எழுதி.