லேப்டாப்பில் ப்ளூ-ரே டிரைவ் போட்டு வாங்கலாமா?

பொருநைக்கரை:

வணக்கம். செகண்ட் ஹேண்டில் ஒரு லேப்டாப் பார்த்து வைத்திருக்கிறேன். எட்டாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம், 15.6 இன்ச் திரை, ரெசல்யூஷன் 1366க்கு 768, பக்கவாட்டில் டிவிடி ரைட்டர். அந்த ரைட்டரைக் கழற்றிவிட்டு ப்ளூ-ரே டிரைவ் போட்டுத் தருகிறேன், நாலாயிரம் கூடுதலாகும் என்கிறார் கடைக்காரர். எனக்கு ஏன் இந்த ஆசை என்றால், லண்டனில் இருக்கும் அக்கா வீடு மாறியபோது தன்னிடம் இருந்த ப்ளூ-ரே டிஸ்க்குகளை (டிவிடி மாதிரிதான், படம் இன்னும் தெளிவாக இருக்கும்) எல்லாம் எனக்குக் கொடுத்துவிட்டார். பெரும்பாலும் காடு, கடல், பறவைகள் பற்றிய ஆவணப்படங்கள், நடுவில் சில 4கே டிஸ்க்குகளும் இருக்கின்றன. போட்டுப் பார்க்க வீட்டில் எந்தக் கருவியும் இல்லை. அப்புறம், பிள்ளைகளின் போட்டோ, வீடியோ எல்லாம் ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க்கில்தான் இருக்கின்றன, அதையும் டிஸ்க்கில் எழுதி வைத்துவிடலாம் என்று நினைக்கிறேன். இதற்கெல்லாம் அந்த நாலாயிரம் கொடுக்கலாமா? பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்.

மலைக்கோட்டை:

கொடுக்காதீர்கள். லேப்டாப் பழுது பார்ப்பதுதான் என் வேலை, அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

முதலில் திரை. ப்ளூ-ரே படம் 1920க்கு 1080, அதாவது ஏறக்குறைய 20 லட்சம் பிக்சல். நீங்கள் சொல்லும் திரையில் இருப்பதே பத்து லட்சத்துச் சொச்சம்தான். டிஸ்க்கில் இருக்கும் விவரத்தில் பாதியை அந்தத் திரை காட்டவே முடியாது. டிவியில் இணைத்துப் பார்த்தால் வேறு கதை, ஆனால் எப்போதும் டிவியில்தான் பார்க்கப் போகிறீர்கள் என்றால் டிரைவ் லேப்டாப்புக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்?

இரண்டாவது, கடைக்காரர் போடப் போவது என்ன டிரைவ் என்று கேளுங்கள். "பிடி காம்போ" என்று ஒன்று உண்டு (பிடி என்றால் ப்ளூ-ரே டிஸ்க்), அது ப்ளூ-ரேயைப் படிக்கும், ஆனால் எழுதுவது சிடி, டிவிடி மட்டும்தான். போட்டோவை ப்ளூ-ரேயில் எழுத வேண்டும் என்றால் பிடி ரைட்டர் வேண்டும். பழைய லேப்டாப்பில் இருந்து கழற்றிய காம்போவையே ப்ளூ-ரே டிரைவ் என்று பொதுவாகச் சொல்லி விற்பது சந்தையில் நடக்கிறது, டிரைவ் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் படித்தாலே தெரிந்துவிடும். தடிமனும் பொருந்த வேண்டும். லேப்டாப் டிரைவ்கள் 12.7 மில்லிமீட்டர், 9.5 மில்லிமீட்டர் என்று இரண்டு அளவில் அதிகம் வரும், உங்கள் மாடல் காலத்து மெஷினில் பெரும்பாலும் 9.5தான் இருக்கும். முன்பக்க மூடி வேறு மாடலுக்கு மாறினால் சரியாக உட்காராது.

என்னைக் கேட்டால் அந்த இடத்தில் கேடி வாங்கி, ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான எஸ்எஸ்டி ஒன்றைப் போடுங்கள். டிவிடி டிரைவ் இருந்த இடத்தில் 2.5 இன்ச் எஸ்எஸ்டியை உட்கார வைக்கும் சட்டம்தான் கேடி என்பது. ரிச்சி தெருவில் எந்தக் கடையில் கேட்டாலும் எடுத்துப் போடுவார்கள். விண்டோஸை எஸ்எஸ்டிக்கு மாற்றினால் லேப்டாப் ஓடுகிற வேகமே மாறிவிடும், அந்த வித்தியாசத்தைத் தினமும் உணர்வீர்கள். ப்ளூ-ரேக்கு யூஎஸ்பியில் செருகும் வெளி டிரைவ் வாங்கிக்கொள்ளலாம். அடுத்த லேப்டாப்புக்கும் அது வரும், கெட்டுப்போனால் மெஷினைத் திறக்கவும் வேண்டாம்.

நள்ளிரவுக் காவலன்:

மலைக்கோட்டை சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன், ஆனால் டிரைவை விடப் பெரிய தலைவலி மென்பொருள், அதை யாரும் முதலில் சொல்வதில்லை. டிரைவை மட்டும் வாங்குவது பூட்டிய பெட்டியைச் சாவி இல்லாமல் வாங்குவது மாதிரி. விண்டோஸில் ப்ளூ-ரே படம் ஓட்டும் வசதி தானாக வருவதில்லை. கடையில் விற்கும் பட டிஸ்க்குகளில் ஏஏசிஎஸ் என்ற பூட்டு இருக்கும், அதைத் திறக்க உரிமம் வாங்கிய பிளேயர் வேண்டும், பவர்டிவிடி மாதிரி. அதற்குத் தனியாகப் பணம். புதிய டிஸ்க்குகள் வரவரப் பூட்டின் சாவியும் மாறும், அதனால் அந்த மென்பொருளையும் அப்டேட் செய்துகொண்டே இருக்க வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் விஎல்சி, பூட்டு இல்லாத டிஸ்க்கை ஓட்டும், பூட்டு போட்டதை வெறுமனே நிறுவிய நிலையில் ஓட்டாது. எச்டிஎம்ஐ வழியாக டிவிக்குக் கொடுக்கும்போது டிவியும் எச்டிசிபி என்ற நகல் தடுப்பு முறையை ஏற்க வேண்டும், இல்லையென்றால் திரை கறுப்பாகவே நிற்கும்.

லண்டன் டிஸ்க் என்றீர்களே, அட்டையின் பின்பக்கம் பாருங்கள். அறுகோணத்துக்குள் ஏ, பி, சி எழுத்து இருக்கும், டிஸ்க் எந்த மண்டலத்து நாடுகளில் ஓடும் என்பதற்கான குறி அது. பிரிட்டன் பி, இந்தியா சி, அமெரிக்காவும் சிங்கப்பூரும் மலேசியாவும் ஏ. பி மட்டும் போட்ட டிஸ்க் இந்தியாவில் வாங்கிய பிளேயரில் ஓடாது. கணினியில் கொஞ்சம் பரவாயில்லை, டிவிடிக்கு மண்டலத்தை டிரைவே பூட்டி வைத்திருக்கும், ப்ளூ-ரேயில் அதைப் பார்ப்பது மென்பொருள். அதிலும் சில தடவைதான் மாற்ற விடுவார்கள். மூன்று எழுத்தும் இருந்தால் கவலையே இல்லை.

4கே டிஸ்க்கை இந்த லேப்டாப்பில் மறந்துவிடுங்கள். அந்த டிஸ்க்குகளுக்கு மண்டலப் பூட்டு கிடையாது என்பது நல்ல விஷயம், ஆனால் சாதாரண ப்ளூ-ரே டிரைவ் பலவும் அவற்றைப் படிக்காது. முறைப்படி ஓட்ட இன்டெல் பிராசசரில் எஸ்ஜிஎக்ஸ் என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். உங்கள் எட்டாம் தலைமுறையில் அது உண்டு, ஆனால் அதோடு டிரைவ், திரை, கேபிள் எல்லாமே 4கே பாதுகாப்பு முறைக்குப் பொருந்த வேண்டும், அந்தத் திரை பொருந்தாது. இதில் எனக்கு உண்மையிலேயே ஆத்திரம் வருவது எங்கே என்றால், பிற்பாடு வந்த டெஸ்க்டாப், லேப்டாப் பிராசசர்களில் இன்டெல் அந்த எஸ்ஜிஎக்ஸையே எடுத்துவிட்டது. காசு கொடுத்து டிஸ்க்கும் டிரைவும் மென்பொருளும் வாங்கியவர், கணினியைப் புதுசாக மாற்றியதும் படம் பார்க்க முடியாமல் நிற்கிறார்.

ஏலக்காய்மலை:

எல்லாரும் வேண்டாம் வேண்டாம் என்றே சொல்கிறீர்கள், டிஸ்க்குக்காகவும் யாராவது பேச வேண்டும். அக்கா கொடுத்த பெட்டியைத் தயவுசெய்து ஒதுக்கி வைத்துவிடாதீர்கள். நெட்ஃபிளிக்ஸ் 1080 படத்துக்குப் போதும் என்று சொல்லும் இணைய வேகம் 5 எம்பிபிஎஸ். ப்ளூ-ரேயில் படத்துக்கு மட்டுமே 40 எம்பிபிஎஸ் வரை இடம் உண்டு. ஆயிரக்கணக்கான பறவைகள் ஒரே நேரத்தில் திரும்பும் காட்சி, அலை நுரைத்து உடையும் காட்சி, மூடுபனி, இந்த மாதிரி இடங்களில்தான் ஸ்ட்ரீமிங் படம் கட்டம் கட்டமாக உடையும், டிஸ்க்கில் அப்படி உடையாது. இயற்கை ஆவணப்படத்துக்கு டிஸ்க் மாதிரி வேறு எதுவும் இல்லை என்பது என் உறுதியான கருத்து. ஒலியும் அப்படித்தான், டால்பி ட்ரூஎச்டி, டிடிஎஸ் மாஸ்டர் ஆடியோ இரண்டும் எதையும் வெட்டாமல் சுருக்கியவை.

ஆனால் லேப்டாப் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கக் கூடாது. வீட்டில் நல்ல டிவி இருந்தால் பழைய பிஎஸ்4 கேம் கன்சோல் ஒன்று தேடுங்கள், சாதாரண ப்ளூ-ரே எல்லாம் ஓட்டும். 4கே டிஸ்க் அதில் ஓடாது, அதற்கு எக்ஸ்பாக்ஸ் ஒன் எஸ், இல்லை டிஸ்க் போடும் வசதியுள்ள பிஎஸ்5 வேண்டும். மண்டல விஷயம் கன்சோலுக்கும் பொருந்தும், அதனால் முதலில் அட்டையைப் பாருங்கள்.

டிஸ்க்கைத் துடைக்கும்போது வட்டமாகத் துடைக்காதீர்கள், நடுவிலிருந்து வெளியே நேராகத் துடைக்க வேண்டும். டிவிடியில் தகவல் அடுக்கு 0.6 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கும், ப்ளூ-ரேயில் 0.1தான். மேலே கடினமான பூச்சு கொடுத்திருந்தாலும் ஆழமாகக் கீறினால் போனது போனதுதான்.

பொருநைக்கரை:

எல்லாருக்கும் மிக்க நன்றி. அட்டைகளைப் பார்த்தேன், பாதிக்கு மேல் மூன்று எழுத்தும் இருக்கிறது, மற்றதில் பி மட்டும். டிவி ஃபுல் எச்டிதான், 4கே இல்லை. படம் பார்ப்பது ஒருபுறம் இருக்கட்டும், போட்டோ சேமிப்புக்கு ப்ளூ-ரே நல்லதா என்று யாரும் சொல்லவில்லையே? ஏறக்குறைய 200 ஜிபி இருக்கும்.

மலைக்கோட்டை:

நல்லதுதான், ஆனால் அது ஒன்றையே நம்பக் கூடாது. ஒரு அடுக்கு டிஸ்க்கில் 25 ஜிபி, இரண்டு அடுக்கில் 50. 25 ஜிபி டிஸ்க் என்றால் கணக்குக்கு எட்டு, ஓரத்தில் கொஞ்சம் இடம் விட வேண்டும் என்பதால் ஒன்பது வைத்துக்கொள்ளுங்கள். 6எக்ஸ் வேகத்தில் ஒரு டிஸ்க் எழுத இருபது நிமிடம், எழுதியது சரியா என்று சரிபார்க்க இன்னும் கொஞ்ச நேரம். அந்தச் சரிபார்ப்பை மட்டும் விடவே விடாதீர்கள். ஒருமுறை எழுதிவிட்டால் மாற்ற முடியாது என்பதுதான் இதன் பலம், கணினிக்குள் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் புகுந்தாலும் அலமாரியில் இருக்கும் டிஸ்க்கைத் தொட முடியாது. வாங்கும்போது எல்டிஎச் என்று போட்டிருந்தால் தவிர்த்துவிடுங்கள், அதில் இருப்பது கரிமச் சாயம், எச்டிஎல் வகை அதைவிட நீடிக்கும். வெயில் படாத, ஈரம் இல்லாத இடத்தில் வையுங்கள்.

இதில் ஒரு சங்கடம், இந்தத் தொழில் சுருங்கிக்கொண்டே போகிறது. சாம்சங் 2019லேயே அமெரிக்கச் சந்தையில் புதிய ப்ளூ-ரே பிளேயர் கொண்டுவருவதை நிறுத்தியது, எழுதும் ப்ளூ-ரே டிஸ்க் தயாரிப்பை சோனி 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது. மற்ற பிராண்டு டிஸ்க்குகள் இன்னும் கிடைக்கின்றன. ஆனால் இன்றைக்கு எழுதும் டிஸ்க்கைப் பத்து வருடம் கழித்துப் படிக்க டிரைவ் வேண்டுமே, அதனால் இரண்டாவதாக ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கி அதிலும் ஒரு பிரதி எடுத்து, முடிந்தால் அதை வேறு வீட்டில் வையுங்கள். இந்த நாலாயிரத்தில் முதலில் செய்ய வேண்டியது அதுதான், ஏனென்றால் இப்போது எல்லாம் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது என்கிறீர்கள், அது எந்த நாளும் போகலாம்.

பொருநைக்கரை:

சரி, இந்த வாரமே இரண்டாவது ஹார்ட் டிஸ்க் வாங்கிப் பிரதி எடுத்து மாமியார் வீட்டில் வைத்துவிடுகிறேன். லேப்டாப்பை டிவிடி ரைட்டரோடு அப்படியே எடுத்துக்கொண்டு, அடுத்த மாதம் கேடியில் எஸ்எஸ்டி. வெளி டிரைவ் வாங்கினால் ரைட்டராகவே வாங்குகிறேன். யூஎஸ்பி 2 போர்ட்டில் செருகினால் படம் தடைபடுமா?

நள்ளிரவுக் காவலன்:

தடைபடாது. ப்ளூ-ரே படத்துக்கு ஒலியும் சேர்த்து அதிகபட்சம் வேண்டிய வேகம் 54 எம்பிபிஎஸ், யூஎஸ்பி 2 பெயரளவில் 480. பிரச்சினை வந்தால் அது மின்சாரத்தால்தான் வரும், எழுதும்போது டிரைவ் இழுக்கும் மின்சாரத்தைப் பழைய போர்ட் ஒன்று மட்டும் கொடுக்க முடியாமல் போகலாம். இரண்டு முனை உள்ள யூஎஸ்பி கேபிளோ தனி அடாப்டரோ பெட்டியில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மென்பொருளுக்குப் பணம் கட்டும் முன்பு சோதனைப் பதிப்பை இறக்கி, பி மட்டும் போட்ட டிஸ்க் ஒன்றை அதில் ஓட்டிப் பாருங்கள்.