அம்பைல ஒரு லைன்ல 10 டிபி சிக்னல் காணல, ஐடியா சொல்லுங்க அண்ணாச்சி

ஃபைபர் வேல தெரிஞ்ச அண்ணாச்சிமாரு யாராவது சொல்லுங்க. அம்பைல ஒரு வீட்ல ஓஎன்டில (வீட்டுல வைக்கற ஃபைபர் நெட் பெட்டி) சிவப்பு லைட்டு விட்டு விட்டு எரியுது, பவர் மீட்டர் வச்சா வந்து சேருற வெளிச்சம் மைனஸ் 29 டிபிஎம் காட்டுது, ஆனா ஸ்ப்ளிட்டர் (ஒரு ஃபைபர பல வீட்டுக்குப் பிரிச்சு விடுறது) அவுட்ல மைனஸ் 19 இருக்கு, நடுவுல வீட்டுக்கு வார வெறும் 300 மீட்டர் டிராப் வயருதான், கிலோமீட்டருக்கே அர டிபி கூட போகாதுல்லா. கனெக்டர்லாம் தொடச்சாச்சு. லைட் சோர்ஸ் வச்சு பாத்தா 1310 நானோமீட்டர் அலைநீளத்துல லாஸ் கம்மி, 1550ல ரொம்ப கூடுது, அப்போ எங்கயோ வயரு மடங்கிக் கெடக்குன்னுதான் நெனைக்கேன், தென்ன மரத்துல கட்டி ஓட்டுக்கூர இடுக்கு வழியா போகுது (சாரல் காத்துக்கு மட்ட விழுந்திருக்கும்). கருப்பு வயருங்கறதால செவப்பு லேசர் அடிச்சும் வெளிய ஒண்ணும் தெரியல. ஓடிடிஆர் (ஃபைபர்ல எந்த எடத்துல லாஸ்னு காட்டுற மெஷினு) வாடகைக்கு நெல்லைல எங்க கெடைக்கும்? இல்ல பேசாம ஜி.657ஏ2 (வளைஞ்சாலும் லாஸ் கம்மியா இருக்கற ரகம்) வயரு புதுசா இழுத்துரவா? கஸ்டமர் வேற போன் மேல போன் போடுதாரு.