பெடல் குறி போட்டே கை வலிச்சவங்க வாங்க, உங்க கதையைச் சொல்லுங்க

எட்டாம்கட்டை:

என்னிடம் பியானோ படிக்க வருகிறவர்களில் மூத்தவருக்கு 71 வயது. வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். கண்புரை அறுவை ஆன பிறகும் அச்சுப் புத்தகத்தின் பொடி எழுத்து பிடிபடவில்லை. வாசிக்க ஆசைப்பட்டது ஷோப்பானின் ஈ ஃபிளாட் நாக்டர்ன், ஓபஸ் 9-ல் இரண்டாவது. 1832-ல் வெளிவந்தது, காப்புரிமைத் தொல்லை கிடையாது. சரி, நானே மியூஸ்கோர் என்ற இசை எழுதும் மென்பொருளில் அடித்து, ஏ3 தாளில் பெரிதாக எடுத்துத் தருகிறேன் அங்கிள் என்று வாயைக் கொடுத்துவிட்டேன்.

நோட்டுகள் ஒன்றரை நாளில் முடிந்தன. பெடலில்தான், அதாவது பியானோவின் வலது கால்மிதியை எங்கே அழுத்தி எங்கே விட வேண்டும் என்று சொல்லும் குறிகளில்தான் மாட்டினேன். அந்தப் பாட்டில் இடது கை முழுக்க ஒரே நடை: கீழே ஒரு பேஸ் நோட்டு (தாழ்ந்த சுரம்), மேலே இரண்டு கார்டு (சுரக்கூட்டு). 12/8 தாளம், ஆக ஒரு பாருக்கு (ஒரு தாளச் சுற்றுக்கு) அப்படி நாலு. ஷோப்பான் பெரும்பாலும் நாலுக்கும் தனித்தனியாகப் பெடல் எழுதியிருக்கிறார். மொத்தம் 34 பார். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நான் செய்தது: பேலட்டில் (குறிகளை அடுக்கி வைத்திருக்கும் பலகையில்) இருந்து பெடல் கோட்டை, அதிலும் காலை எடுக்கும் இடத்தில் நட்சத்திரம் காட்டும் வகையை, மவுஸால் இழுத்து நோட்டின் மேல் விடுவது, அது தேவைக்கு மேல் நீண்டு நிற்கும், அதன் முனையைப் பிடித்துப் பின்னால் தள்ளுவது. ஒன்றுக்கு அரை நிமிடம் ஆகும். பத்தாவது பாரில் மணிக்கட்டு விண்விண் என்றது. தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான், இதற்கு ஒரு விசை இல்லாமலா இருக்கும் என்று தோன்றியது.

இருந்தது. முதல் நோட்டைத் தேர்வு செய்துகொண்டு, ஷிஃப்ட்டை அழுத்தியபடி வலது அம்பைத் தட்டினால் தேர்வு நீளும். மூன்று நோட்டும் நீலப் பெட்டிக்குள் வந்ததும் கண்ட்ரோல் எஃப் 9. கர்சர் நேராகப் பேலட்டின் தேடல் பெட்டியில் போய் நிற்கும். பெடல் என்பதன் முதல் மூன்று ஆங்கில எழுத்தை அடித்தால் பெடல் வகைகள் மட்டும் மிஞ்சும். டேப், அம்பு, என்டர். எவ்வளவு நீளத்துக்குத் தேர்வு செய்தோமோ அவ்வளவு நீளத்துக்கே கோடு விழும், இழுத்துச் சரிசெய்யும் வேலையே இல்லை. மீதி 24 பாரும் காபி ஆறுவதற்குள் முடிந்தது என்று சொன்னால் பொய். ஆனால் அன்று மாலைக்குள் முடிந்தது.

உங்கள் அனுபவம் என்ன? எந்த மென்பொருளாக இருந்தாலும் சொல்லுங்கள்.

கோயில்மணி_நெல்லை:

அக்கா, எனக்கு நடந்தது வேறு மாதிரி கூத்து. நான் சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிறேன். தமிழ்க் கீர்த்தனைகளுக்கு நாலு குரல் எழுதி, கீழே சாகித்தியமும் தமிழிலேயே அடிப்பேன். ஒரு நாள் வரிகளை அடித்து முடித்த கையோடு பெடல் போடலாம் என்று டோரிகோ மென்பொருளில் ஷிஃப்ட் பி (பெடலின் முதல் எழுத்து) அழுத்துகிறேன், ஒன்றும் நடக்கவில்லை. மூடித் திறந்தேன். கம்ப்யூட்டரையே ரீஸ்டார்ட் செய்தேன். அப்போது வேலை செய்தது. மறுபடி சாகித்தியம் அடித்தேன், மறுபடி செத்துப் போச்சு.

மூன்றாவது முறைதான் உறைத்தது. விசைப்பலகை இன்னும் தமிழில் இருந்தது! நான் பி என்று நினைத்துத் தட்டுவது அதற்கு ஒரு தமிழ் எழுத்து. ஒற்றை எழுத்து விசைகள் எல்லாம் இப்படித்தான் காலை வாரும். இப்போது சாகித்தியம் முடிந்ததும் முதல் வேலையாக ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டுத்தான் மறுவேலை.

டோரிகோவில் பெடல் போடுவது சுகம். ஷிஃப்ட் பி அழுத்தினால் சின்னப் பெட்டி ஒன்று திறக்கும், அதில் அதே மூன்று எழுத்து, என்டர். நடுவில் காலை எடுத்து மறுபடி வைக்கிற இடம் வந்தால் திரும்ப அதே பெட்டி, உள்ளே கூரை போன்ற அந்த மேல்முனைக் குறி, என்டர். கோட்டில் ஒரு குட்டி முக்கோண மேடு விழும். தனித்தனிக் கோடாகப் போட வேண்டாம், ஒரே கோட்டில் மேடு மேடாகப் போகும்.

பழைய_பைனால்_ஆள்:

சின்னப் பெட்டி பெரிய பெட்டி என்று இப்போது பேசுகிறீர்கள். ஃபைனால் 1988-ல் வந்த மென்பொருள். அதில் மெட்டாடூல் என்று ஒன்று உண்டு. ஒரு எழுத்துக்கு ஒரு குறியை நாமே ஒப்படைத்துவிடலாம். அந்த எழுத்தை அழுத்திக்கொண்டு நோட்டில் ஒரு கிளிக், குறி உட்கார்ந்துவிடும். நான் பெடல் அழுத்துவதற்கு ஒரு எழுத்து, காலை எடுக்கச் சொல்லும் நட்சத்திரக் குறிக்கு அதன் பக்கத்து எழுத்து என்று வைத்திருந்தேன். இடது கை அந்த இரண்டு விசையில், வலது கை மவுஸில். தறி ஓட்டுகிற மாதிரி டக் டக் என்று போகும்.

2024 ஆகஸ்டில் ஃபைனாலின் வளர்ச்சியை நிறுத்துவதாக அறிவிப்பு வந்தது. எல்லாக் கோப்பையும் மியூசிக் எக்ஸ்எம்எல்லாக, அதாவது மற்ற இசை மென்பொருள்களும் திறக்கக்கூடிய பொது வடிவமாக மாற்றி வெளியே எடுத்தேன். நோட்டு, ஸ்லர் எல்லாம் ஒழுங்காக வந்தன. பெடல்கள் மட்டும் வெறும் எழுத்தாக வந்து நின்றன, ஏனென்றால் நான் அத்தனை வருடமும் அவற்றை எக்ஸ்பிரஷனாக, அதாவது சும்மா ஒரு சொல்லாகத்தான் போட்டிருந்தேன். மியூசிக் எக்ஸ்எம்எல்லில் பெடலுக்கென்று தனி உறுப்பே இருக்கிறது, தொடக்கம், முடிவு, மாற்றம் என்று. அதற்கு என் கோப்பில் இருந்தது பெடல் என்றே தெரியாது. விசை வேகமாக இருந்தால் போதாது, எதை ஒட்டுகிறோம் என்பதும் பார்க்க வேண்டும். 40 பக்கம் திரும்பப் போட்டேன்.

சைலண்ட்பெடல்:

பைனால் சார் சொன்னதேதான் எனக்கும், கொஞ்சம் சின்ன அளவில். கண்ட்ரோல் டி (டெக்ஸ்ட்டின் முதல் எழுத்து) அழுத்தினால் மியூஸ்கோரில் எழுத்து அடிக்கலாம் இல்லையா? அதில் பெட் என்று அடித்து, சாய்வெழுத்தாக்கி, முடிகிற இடத்தில் ஒரு நட்சத்திரமும் போட்டுவிடுவேன். பேப்பரில் பார்க்க அசலாக இருக்கும். அதைவிட ஷார்ட்கட் உண்டா என்று பெருமை வேறு.

ஒரு நாள் பிளே பண்ணிக் கேட்டால் பாட்டு எலும்புக்கூடாக ஒலிக்கிறது. ஒவ்வொரு நோட்டும் வெட்டு வெட்டாக. எழுத்து எழுத்துதான், அது ஒலியை அசைக்காது. பெடல் கோடாக இருந்தால்தான் மிடியில் (கருவிக்கு வாசிப்புக் கட்டளைகள் அனுப்பும் முறையில்) 64-ஆம் கண்ட்ரோலருக்குச் செய்தி போகும். அதன் மதிப்பு 0 முதல் 127 வரை, 64 அல்லது அதற்கு மேல் இருந்தால் கால் கீழே என்று அர்த்தம். சாஃப்ட் பெடலுக்கு, அதாவது இடது பெடலுக்கு 67, நடுப் பெடலுக்கு 66. இதையெல்லாம் பிறகுதான் படித்தேன்.

நட்சத்திரம் வேண்டும் என்கிறவர்களுக்கு ஒரு செய்தி: கோடு தெரியாமல் பெட் எழுத்தும் நட்சத்திரமும் மட்டும் தெரிகிற பெடல் வகை அதே பேலட்டில் இருக்கிறது. பார்வைக்குப் பழைய பதிப்பு மாதிரி, ஒலிக்கும் வேலை செய்யும்.

எல்_விசை:

சிபீலியஸ் மென்பொருள்காரர்கள் யாரும் இல்லையா? நோட்டுகளைத் தேர்வு செய்து எல் அழுத்தினால் கோடுகளின் பட்டியல், அதில் பெடல். விழுந்த கோடு குட்டையாக இருந்தால் ஸ்பேஸ் பார் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு நோட்டு நீளும், ஷிஃப்ட்டோடு தட்டினால் சுருங்கும். அவ்வளவுதான்.

நான் சொல்ல வந்தது அது இல்லை. விசை கைக்கு வந்த புதிதில் எனக்குப் பெடல் வியாதி பிடித்தது. கண்ட இடத்தில் எல்லாம் போடுவேன். டிப்ளமோ தேர்வுக்குப் படிக்கும்போது மூன்லைட் சொனாட்டாவின் முதல் பகுதியை எனக்காக அடித்து, ஒவ்வொரு பாருக்கும் பெடல் போட்டு டீச்சரிடம் பெருமையாகக் காட்டினேன். போதாததற்கு, மேலே 'சென்சா சோர்டினோ' என்று இருந்ததல்லவா, சோர்டினோ என்றால் ஒலியடக்கி, ஏதோ இடது பெடல் சமாசாரம் என்று நினைத்து, ஊனா கோர்டா (இடது பெடலை அழுத்தச் சொல்லும் குறி) வேறு சேர்த்திருந்தேன்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் அப்படிச் செய்தால் நமக்கு நேரம் சரியில்லை. "அந்த சோர்டினோ டாம்பர்மா, கம்பியின் ஓசையை அடக்குகிற கட்டை. டாம்பர் இல்லாமல் வாசி என்றால் என்ன அர்த்தம்? வலது பெடலைப் போட்டே வாசி என்று அர்த்தம். பீத்தோவன் முழுப் பகுதிக்கும் ஒரே வரியில் சொல்லிவிட்டார், நீ எதற்கு அறுபது தடவை சொல்கிறாய்?" 1801-ல் எழுதிய பாட்டு. அந்தக் காலப் பியானோவில் ஓசை சீக்கிரம் அடங்கிவிடும். இன்றைய பெரிய பியானோவில் காலை எடுக்காமலே வாசித்தால் கார்டுகள் ஒன்றோடொன்று குழம்பிக் கஞ்சியாகும், அதனால் சுரக்கூட்டு மாறும் இடத்தில் மாற்றத்தான் வேண்டும். ஆனால் அதைக் காது பார்த்துக்கொள்ளும், காகிதத்தில் எழுத வேண்டியதில்லை என்பது அவர் கட்சி.

அறுபதுக்கும் மேற்பட்ட அந்த பெடல்களை அழிக்கவும் ஒரு வழி கண்டுபிடித்தேன் என்பது தனிக்கதை.

சைலண்ட்பெடல்:

@எல்_விசை, மியூஸ்கோரில் அது ரொம்பச் சுலபம். ஒரு பெடலில் வலது கிளிக், தேர்வு, ஒத்தவை எல்லாம். பிறகு டெலீட். நானும் இப்படிப் பல முறை பாவம் கழுவியிருக்கிறேன்.

கால்நுனி:

நட்சத்திரமா கோடா என்று யாரும் சண்டை போடவில்லையே, நானே ஆரம்பிக்கிறேன். குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவர்கள் தயவுசெய்து கோடு போடுங்கள். நட்சத்திரம் பார்த்தால் பிள்ளைகள் அடுத்த பீட்டுக்கு முன்னாலேயே காலை எடுத்துவிடுகிறார்கள், நடுவே ஒரு ஓட்டை விழுகிறது. நாம் உண்மையில் செய்வது என்ன? புது பேஸ் நோட்டு விழும்போது கால் மேலே, விழுந்த பிறகு கீழே. அதைக் கோட்டின் சரிந்த முனைதான் காட்டும். மியூஸ்கோரில் முனை சரிந்த வகைகள் மூன்று இருக்கின்றன: முடிவு மட்டும், தொடக்கம் மட்டும், இரண்டும். முதல் பெடலுக்கு முடிவு சரிந்தது, நடுவில் உள்ளவற்றுக்கு இரண்டும் சரிந்தது, கடைசிக்குத் தொடக்கம் சரிந்தது. ஒரு பார் ஒழுங்காக அமைந்துவிட்டால், அதே நடையில் போகும் பாட்டுக்கு அந்தப் பாரைத் தேர்வு செய்து ஆர் விசையைத் தட்டினால் பெடலோடு அடுத்த பாரிலும் விழும். நோட்டு அடிக்கும்போதே பெடலையும் போட்டுவிட்டு ஆர் அடியுங்கள், பிறகு சுரங்களை மட்டும் திருத்தினால் போதும்.

எட்டாம்கட்டை அக்கா, ஷோப்பானுக்கு மட்டும் உங்கள் நட்சத்திரத்துக்கு விதிவிலக்கு தருகிறேன். அவர் எங்கே காலை எடுக்கச் சொன்னாரோ அதை மாற்ற நமக்கு உரிமை இல்லை.

புதுசு_2:

கண்ட்ரோல் எஃப் 9 அழுத்தினால் என் லேப்டாப்பில் திரை வெளிச்சம்தான் கூடுகிறது. என்ன தப்பு?

கோயில்மணி_நெல்லை:

தப்பு இல்லை தம்பி. அந்த வரிசை விசைகளுக்கு இரண்டு வேலை. எஃப்என் விசையையும் சேர்த்துப் பிடி. மேக் என்றால் கண்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட்.

எட்டாம்கட்டை:

எல்லோருக்கும் நன்றி. கால்நுனி, உரிமை பற்றிச் சொன்னீர்கள், நேற்று அதிலேயே மாட்டினேன். அங்கிள் ஏ3 தாளை வைத்து வாசித்தார். ஏழாவது பாரில் இரண்டு கார்டு கலந்து ஒலித்தது. "அங்கிள், கால் லேட்" என்றேன். அவர் தாளைக் காட்டி, "நீங்க இங்கதானேம்மா நட்சத்திரம் போட்டிருக்கீங்க" என்றார். பார்த்தால் அவர் சரி. தேர்வில் ஒரு நோட்டு கூடுதலாக வந்து, பெடல் அடுத்த பேஸ் வரைக்கும் நீண்டிருக்கிறது. வீட்டுக்கு வந்து கோட்டின் முனையைத் தேர்வு செய்து, ஷிஃப்ட்டோடு இடது அம்பு ஒரு தட்டு. இன்று புதுத் தாள் எடுத்துக்கொண்டு போகிறேன்.