34 பேர் வந்தார்கள், அடுத்த முறை 9 பேர். எங்கே கோட்டை விட்டோம்?

மூன்றாம்_தந்தி:

கோவையில் நாங்கள் மூன்று பேர் சொந்தமாகப் பாட்டு எழுதி வாசிக்கிறோம். கிடாரும் குரலும் நான், பேஸ் கிடார் ஒருவன், கஹோன் (மேலே உட்கார்ந்து கையால் தட்டும் மரப்பெட்டி) ஒருவன். மூவருக்கும் பகலில் வேலை உண்டு. எனக்கு பம்ப்செட் கம்பெனியில் கொள்முதல் பிரிவு. ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் பயிற்சி, கீழ்வீட்டு அக்கா துணி காயப்போட வரும்வரை.

மார்ச்சில் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு காபி கடையின் மாடியில் முதல் நிகழ்ச்சி. டிக்கெட் 150 ரூபாய். 34 பேர் வந்தார்கள். சொந்தக்காரர்களையும் ஆபீஸ் ஆட்களையும் கழித்தால் 21. கடைசிப் பாட்டுக்கு எழுந்து நின்று கைதட்டினார்கள். முடிந்ததும் ஒரு பெரியவர் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த ரேஷன் கடைப் பாட்டை இன்னொருக்கா கேக்கோணும் கண்ணு" என்றார். "இன்ஸ்டாகிராம்ல ஃபாலோ பண்ணுங்க சார், எல்லாம் அதுல வரும்" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் பார்த்தேன், அவர் கையில் இருந்தது பட்டன் போன்.

ஜூனில் அதே மாடி, அதே டிக்கெட். 9 பேர். அதிலும் 5 பேர் எங்கள் வீட்டு ஆட்கள். இத்தனைக்கும் இடையில் எங்கள் ரீல் ஒன்றை 2 லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். எங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்தை 11,000 பேர் ஃபாலோ பண்ணுகிறார்கள். அதே பாட்டு, பாட்டு கேட்கும் ஆப்பான ஸ்பாட்டிஃபையில் முழுசாக ஓடியது 412 தடவை. அதில் முப்பது நாற்பது நானே இருப்பேன்.

கைதட்டிய அந்த 21 பேர் எங்கே போனார்கள்? பாட்டு சரியில்லை என்றாலும் சொல்லுங்கள், தாங்கிக்கொள்வேன்.

ரீல்_ராசா:

வாரம் 3 ரீல் போடுங்கள் ப்ரோ. முதல் 2 நொடியிலேயே பாட்டின் உச்ச வரி வந்துவிட வேண்டும், முன்னிசைக்கெல்லாம் யாரும் காத்திருக்க மாட்டார்கள். இன்னொன்று, அந்த 11,000 பேரில் கோவைக்காரர்கள் எத்தனை பேர் என்று பக்கத்தின் புள்ளிவிவரத்தில் பாருங்கள். எனக்குப் பாதிக்கு மேல் சென்னை, பெங்களூரு, துபாய். அவர்கள் உங்கள் மாடிக்கு எப்படி வருவார்கள்?

கொடை_கீபோர்டு:

தம்பி, பாட்டில் குறை இருந்தால் எழுந்து நின்றிருக்க மாட்டார்கள். நீங்கள் கோட்டை விட்டது அந்தப் பெரியவரிடம். ஒருத்தர் கையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை கேட்க வேண்டும் என்கிறார், நீங்கள் அவருடைய பெயரைக்கூடக் கேட்கவில்லை.

நான் தென்காசிப் பக்கம். 1994 முதல் 2011 வரை மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தேன். சித்திரையில் பிடித்தால் ஆடி முடிய கோயில் கொடை, எங்கள் பக்கத்து ஊர்த் திருவிழா. ராத்திரி மேடை, பகல் முழுக்க வேனில் தூக்கம். அப்போது பார்த்த ஒரு விஷயத்தைத்தான் இன்றைக்கும் வைத்துப் பிழைக்கிறேன்.

கொடையில் நாலு பாட்டு முடிந்ததும் கூட்டத்திலிருந்து சீட்டு வர ஆரம்பிக்கும். பீடிக் கட்டு லேபிளின் பின்பக்கத்தில், சிகரெட் அட்டையைக் கிழித்து, சில சமயம் பத்து ரூபாய் நோட்டோடு சேர்த்துக் குண்டூசி குத்தி. "விரும்பிக் கேட்பவர்கள் கீழத்தெரு நண்பர்கள்" என்று எழுதி, கீழே ஏழெட்டுப் பெயர். இலங்கை வானொலியில் நேயர் விருப்பம் கேட்டு வளர்ந்த ஊர்கள் அவை. தன் பெயரை ஒலிபெருக்கியில் கேட்பதற்கு அங்கே தனி மரியாதை. எங்கள் அறிவிப்பாளர் ஒரு பெயரையும் விழுங்காமல், இனிஷியல் உட்பட வாசிப்பார். பாதிக் குழுக்கள் நேரமில்லை என்று சீட்டைக் கசக்கிப் போட்டுவிடுவார்கள்.

இதுவரை எல்லோருக்கும் தெரிந்தது. அவர் அதற்கு மேலும் ஒன்று செய்வார். நிகழ்ச்சி முடிந்ததும் சீட்டுகளைப் பொறுக்கி ஒரு கவரில் போட்டு, மேலே ஊர்ப் பெயர் எழுதி, ஒயர் வைக்கும் தகரப் பெட்டியின் அடியில் வைத்துவிடுவார். அடுத்த வருஷம் அதே ஊருக்குப் போகும்போது வேனில் உட்கார்ந்து கவரைப் பிரித்துப் படிப்பார், பரீட்சைக்குப் படிக்கிற பையன் மாதிரி. மேடையேறி சாமி பாட்டு முடிந்ததும், "கீழத்தெரு நண்பர்கள் வந்திருக்கீங்களா? போன வருஷம் நீங்க கேட்டு, நேரமில்லாம விட்டுப்போன பாட்டு, இப்போ வருது" என்பார். அந்த மூலையிலிருந்து எழும்பும் சத்தத்தைக் கேட்டிருக்க வேண்டும். அதற்கப்புறம் ஊர்க் கமிட்டி வேறு குழுவைப் பேசினாலும் கீழத்தெரு விடாது. எங்களைவிட நன்றாக வாசித்த குழுக்கள் இருந்தன. கொடைக்குக் கொடை கூப்பிட்டது எங்களைத்தான்.

இப்போது 8 வருஷமாகப் பாளையங்கோட்டையில் மாதம் ஒரு நிகழ்ச்சி நடத்துகிறேன், எல்லாம் சொந்தப் பாட்டு. மூடிப்போன ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டின் மாடி, 70 நாற்காலி. ஐப்பசி, கார்த்திகை மழையைத் தவிர்த்தால் 60க்குக் குறைவதில்லை. முதல் வருஷம் 12 பேருக்கெல்லாம் வாசித்திருக்கிறேன்.

வாசலில் ஆளுக்கொரு கால் தாள் கொடுப்போம். பெயர், போன் நம்பர், மூன்றாவதாக "எந்தப் பாட்டை மறுபடி கேட்கணும்?". பென்சிலை நூலில் கட்டி வைத்திருக்கிறேன், பேனா வைத்தால் திரும்பாது. மூன்றாவது வரியை முடிந்தபின் எழுதச் சொல்வேன். ஞாயிறு சாயங்காலம் அந்தத் தாள்களோடு உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக இரண்டு வரி அனுப்புவேன், அவர் எழுதிய பாட்டைக் குறிப்பிட்டு. 60 பேருக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். புதிதாக வந்தவருக்கு அவர் கேட்ட பாட்டின் ஒலிப்பதிவையும் சேர்த்து அனுப்புவேன். இதைச் சோம்பலில் விட்ட மாதங்களில் அடுத்த நிகழ்ச்சிக்குக் கூட்டம் குறைந்திருக்கிறது.

அடுத்த தேதியைச் சொல்வதற்கு வாட்ஸாப்பில் பிராட்காஸ்ட் லிஸ்ட் வைத்திருக்கிறேன், ஒரே செய்தி எல்லோருக்கும் தனித்தனியாகப் போகும். இதில் நான் இரண்டு வருஷம் ஏமாந்தேன். ஒரு லிஸ்டில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் நம்பரைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் செய்தி போகும். நான் பாட்டுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தேன், பாதிப் பேருக்குப் போய்ச் சேரவே இல்லை. இப்போது இடைவேளையில் எல்லோரையும் போனை எடுக்கச் சொல்லி, நம்பரைச் சொல்லி, அங்கேயே சேமிக்க வைத்துவிடுகிறேன். என் பெயரில் சேமிக்கச் சொல்வதில்லை. "ரெண்டாம் சனி ஆறரை மணி" என்று சேமிக்கச் சொல்கிறேன். நான் கூப்பிடும்போதெல்லாம் அவர்கள் திரையில் தேதியும் நேரமும்தான் வரும். பட்டன் போன்காரர்கள் 14 பேர், அவர்களுக்கு நேரடியாகப் போன். வாட்ஸாப் குரூப் மட்டும் ஆரம்பிக்காதீர்கள். நாலாவது நாள் ரோஜாப்பூ போட்டுக் காலை வணக்கம் வரும், ஐந்தாவது நாள் நல்ல ரசிகர் வெளியேறிவிடுவார்.

மார்ச்சுக்கும் ஜூனுக்கும் நடுவே மூன்று மாதம். கல்யாணத்துக்கே அத்தனை முன்னால் பத்திரிகை வைத்தால் மறந்துவிடுகிறோம். ஒரே இடம், ஒரே கிழமை, மாதாமாதம். நாலு பேர் வந்தாலும் நடத்துங்கள்.

சினிமாப் பாட்டு கேட்பார்களே என்று அடுத்து நீங்கள் கேட்பீர்கள். கேட்பார்கள். அந்தப் பாட்டை அவர்கள் டீக்கடையிலும் பஸ்ஸிலும் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறார்கள், உங்கள் பாட்டை ஒரு தடவை. அதனால் புதுப் பாட்டை நான் ஒரே ராத்திரியில் இரண்டு தடவை பாடுகிறேன், இரண்டாவதாக ஒன்று, முடிவுக்கு முன் ஒன்று. வரிகளை ஜெராக்ஸ் எடுத்து நாற்காலியில் வைத்துவிடுகிறேன். முன்னே தியேட்டர் வாசலில் பாட்டுப் புத்தகம் விற்பார்களே, அந்த யோசனைதான். அந்தத் தாள் வீட்டுக்குப் போய் ஃபிரிட்ஜ் மேல் கிடந்தால்கூடப் போதும்.

ரீல்_ராசா:

நல்லாத்தான் இருக்கிறது அண்ணா, ஆனால் 70 நாற்காலியை வைத்துக்கொண்டு என்ன சம்பாதிப்பது?

கொடை_கீபோர்டு:

வீடு நடக்காது தம்பி, பொய் சொல்ல மாட்டேன். 60 பேர், 150 ரூபாய், 9,000. வாடகை 1,500, ஜெராக்ஸ், சுக்குக் காபி போக மீதியை நாலு பேர் பிரித்துக்கொள்கிறோம். பகலில் பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லித் தருகிறேன்.

ஆனால் இதையும் பாருங்கள். 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு கடந்த 12 மாதத்தில் 1,000 தடவையாவது ஓடியிருந்தால்தான் அதற்கு ராயல்டி. 60 பேர் வருஷத்துக்கு 17 தடவை கேட்டால் 1,020. மாதாமாதம் நேரில் கேட்கிற ஆள், வீட்டிலும் மாதம் ஒன்றிரண்டு தடவை போட்டுக் கேட்கிறார். மூன்றாம்_தந்தியின் ரீலுக்கு 2 லட்சம் பார்வை வந்தும், பாட்டு ஸ்பாட்டிஃபையில் அந்த ஆயிரத்தைத் தாண்டவில்லை. ரீலோடு எனக்குப் பகை இல்லை, என் மகள்தான் எனக்குப் போட்டுத் தருகிறாள். அது வாசல்வரை ஆளைக் கொண்டுவந்து விடும். உள்ளே வந்தவரைக் கவனிப்பது நம் வேலை.

கடைசி_நாற்காலி:

நான் இங்கே எழுதுவதே இல்லை, படிப்பதோடு சரி. ஆனால் அந்த 21 பேரில் நான் ஒருத்தி என்று நினைக்கிறேன். ரேஷன் கடைப் பாட்டு, கஹோன், ஆர்.எஸ்.புரம் மாடி. வேறு யாராகவும் இருக்க முடியாது.

நான் பீளமேட்டில் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிறேன். கேட் 9:30க்கு மூடிவிடுவார்கள். 6:30 என்று போட்டிருந்தீர்கள், ஆரம்பித்தது 7:45. ஒன்றேகால் மணி நேரம் "செக், செக், ஒன் டூ" கேட்டேன். 8:50க்கு எழுந்து வந்துவிட்டேன். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டியதாகச் சொல்கிறீர்களே, அந்தக் கடைசிப் பாட்டை நான் கேட்கவே இல்லை.

ஜூனுக்கு வராததற்குக் காரணம் கோபம் இல்லை. தெரியாது, அவ்வளவுதான். நீங்கள் அறிவிப்பை ஸ்டோரியில் போட்டிருப்பீர்கள், அது 24 மணி நேரத்தில் போய்விடும். நான் அந்த வாரம் ஊரில் இருந்தேன்.

இன்னொன்று, சொல்லலாமா என்று தெரியவில்லை. ரேஷன் கடைப் பாட்டில் இரண்டாவது சரணத்தில் பாட்டி ஏதோ சொல்வாள், எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வார்த்தையே கேட்கவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

மிக்சர்_பொட்டி:

அந்தக் கடைசிப் பாராவுக்காக வந்தேன். சின்ன மாடி, சுவர் எல்லாம் கண்ணாடியும் டைல்ஸும், கிடாரும் கஹோனும் சேர்ந்து ஒரு கும்மென்ற சத்தம் போட்டிருக்கும். மிக்சரில் கிடாரின் 200 முதல் 400 ஹெர்ட்ஸ் வரையான தாழ்ந்த ஒலியைக் கொஞ்சம் குறையுங்கள், பேஸின் ஒலியளவையும் இறக்குங்கள். குரலுக்கு 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸில் இடம் விடுங்கள், மெய்யெழுத்துகள் காதில் விழுவது அங்கேதான். அப்புறம் ஒருத்தர் கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்து, பாட்டைத் தெரியாதவர் போல வார்த்தையைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சவுண்ட் செக்கை 5:30க்குள் முடித்துவிடுங்கள். கூட்டம் உட்கார்ந்த பிறகு செக் செய்வது, இலை போட்டுவிட்டு அரிசி களைகிற கதை.

மெல்லிசை அண்ணன் சொன்ன சீட்டு விஷயம் அமெரிக்காவிலும் நடந்திருக்கிறது. கிரேட்ஃபுல் டெட் என்ற ராக் குழுவினர் 1971இல் வந்த இசைத்தட்டின் உறையில், நீங்கள் யார், எங்கே இருக்கிறீர்கள், பெயரும் முகவரியும் அனுப்புங்கள் என்று அச்சிட்டார்கள். அப்படிச் சேர்ந்த முகவரிகளுக்குக் கடிதம் போட்டே பெரிய கூட்டத்தைக் கட்டிவைத்திருந்தார்கள். கச்சேரியை ரசிகர்கள் டேப்பில் பிடிக்கவும் விட்டார்கள், 1984இல் அதற்கென்று அரங்கில் தனி இடமே ஒதுக்கினார்கள். அதனால் போனில் பதிவு செய்கிறவர்களை முறைக்காதீர்கள்.

மூன்றாம்_தந்தி:

கடைசி_நாற்காலி, மன்னித்துவிடுங்கள். அன்றைக்கு மைக் ஸ்டாண்டை வீட்டில் மறந்து வைத்துவிட்டு பேஸ்காரன் திரும்ப எடுக்கப் போனான், அதுதான் அந்த ஒன்றேகால் மணி நேரம். ரேஷன் கடையில் பாட்டி, "விரல் ரேகை தேஞ்சு போச்சுன்னா அரிசி இல்லையா? விரலைத் தேய்ச்சதே உங்க அரிசி களைஞ்சுதான்" என்பாள்.

நேற்று ஆபீஸ் முடிந்து அந்தக் காபி கடைக்குப் போனேன். கல்லாவில் இருந்தவரிடம் பெரியவரைப் பற்றிக் கேட்டேன். அடையாளம் சொன்னதுமே, "வாட்ச் கடைக்காரரா?" என்றார். இரண்டு தெரு தள்ளி, படிக்கட்டுக்குக் கீழே ஒரு பெஞ்சும் கண்ணாடிப் பெட்டியும்தான் கடை. என்னைப் பார்த்ததும் கண்ணில் மாட்டியிருந்த லென்ஸைக் கழற்றாமலே, "ரேஷன் கடை" என்றார். ஜூனில் நடந்தது அவருக்கும் தெரியவில்லை. பில் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து நம்பரை எழுதிக் கொடுத்தார். ராத்திரி எட்டுக்கு மேல் கூப்பிடாதே, தூங்கிவிடுவேன் என்றார்.

அடுத்த மாதத்திலிருந்து மூன்றாவது சனி, காபி கடையில் பேசிவிட்டேன். 6 மணிக்கு ஆரம்பித்து 8 மணிக்கு முடித்துவிடுவோம். கேட் 9:30 என்றால் இது சரிப்படுமா?

கடைசி_நாற்காலி:

சரிப்படும். ஆனால் அந்தக் கடைசிப் பாட்டை அன்றைக்கு முதலில் பாடிவிடுங்கள். உங்களை நம்பி இன்னொரு தடவை உட்கார மாட்டேன்.