நாலு டயரும் புதுசு, ஆனா 90-இல் ஸ்டியரிங் உதறுது – கடையில் செய்த வேலையை எப்படிச் சரிபார்ப்பது?

மலைக்கோட்டை_ஸ்விஃப்ட்:
வண்டி ஸ்விஃப்ட் பெட்ரோல், 2019. டயர் அளவு 185/65 ஆர்15. நாலு டயரும் மாத்தி, பேலன்சிங், அலைன்மென்ட் எல்லாம் ஒரே கடையில் பண்ணி பத்து நாள் ஆச்சு. இப்ப மூணு தொல்லை:

1. 85 தாண்டினா ஸ்டியரிங் உதறுது. 95-இல் அதிகம், 110 போனா குறையுது. பழைய டயரில் இது இல்லை.
2. நேர் ரோட்டில் கையைத் தளர்த்தினா லேசா இடது பக்கம் இழுக்குது.
3. இடது பின் சக்கரத்தில் வாரத்துக்கு 3 பிஎஸ்ஐ காத்து குறையுது.

கடையில் கேட்டா "புது டயர் சார், ஐந்நூறு கிலோமீட்டர் ஓடினா செட் ஆயிடும்"ங்கிறாங்க. அலைன்மென்ட் பிரிண்டில் எல்லாம் பச்சையாத்தான் இருக்கு. இதை நானே சோதிக்க வழி இருக்கா? திரும்பப் போனா என்னன்னு கேட்கணும்?

ஈயக்கட்டி:
புது ரப்பரின் மேல் வழவழப்பு போய் ரோட்டைப் பிடிக்க இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் ஆகும், அது உண்மை. அது பிரேக் பிடிப்பு பற்றிய கணக்கு. உதறலுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. ஐந்நூறு ஓட்டினா செட் ஆகாது, டயர்தான் ஒரே சீரா இல்லாம தேயும்.

ஒரு வேகத்தில் ஆரம்பிச்சு இன்னொரு வேகத்தில் அடங்கிற உதறல் சக்கரம் சுத்தறதோட ஒட்டினது. ஸ்டியரிங்கில் தெரிஞ்சா பெரும்பாலும் முன் சக்கரம். சீட்டிலும் தரையிலும் தெரிஞ்சா பின் சக்கரம். பிரேக் மிதிக்கும்போது மட்டும் வந்தா டிஸ்க்கைப் பாருங்க, டயர்க் கடைக்காரரை விட்டுடுங்க.

"இருபது கிராம்தானே வித்தியாசம்"னு யாராவது சொன்னா இந்தக் கணக்கைச் சொல்லுங்க. உங்க டயர் அளவுக்கு 90 கி.மீ. வேகத்தில் சக்கரம் வினாடிக்குக் கிட்டத்தட்ட 13 தடவை சுத்துது. ரிம் ஓரத்தில் 20 கிராம் கூடுதலா இருந்தா, ஒவ்வொரு சுற்றுக்கும் சுமார் இரண்டரைக் கிலோ எடைக்குச் சமமான இழுப்பு. 45-இல் அது நாலில் ஒரு பங்குதான். ஊருக்குள்ள ஓட்டினா தெரியாம, பைபாஸ் ஏறினதும் தெரியறது அதனால்தான்.

மூணு விஷயம் சொல்லுங்க. கம்பெனி ரிம்மா, வெளியில் வாங்கின அலாயா? ஒவ்வொரு சக்கரத்திலும் எவ்வளவு வெயிட் ஒட்டியிருக்கு? ஒட்டின பிறகு மறுபடி மெஷினில் சுத்திப் பார்த்தாங்களா?

மலைக்கோட்டை_ஸ்விஃப்ட்:
வெளியில் வாங்கின அலாய். இடது முன் சக்கரத்தில் உள் பக்கம் 35, வெளிப் பக்கம் 40 கிராம். வலது முன்னில் மொத்தமே 25. மறுபடி சுத்தினாங்க, திரையில் 0 – 0 வந்ததை நானே பார்த்தேன்.

ஈயக்கட்டி:
அந்த 0 – 0 மெஷினின் தண்டைப் பொறுத்த பூஜ்யம். உங்க வண்டியின் ஹப்பை (சக்கரம் மாட்டற நடுப்பகுதி) பொறுத்த பூஜ்யம் இல்லை. ரிம்மின் நடு ஓட்டை தண்டில் சரியா மையமா உட்காரலைன்னா, மெஷின் தப்பான மையத்தை வெச்சு ஒழுங்கா கணக்குப் போட்டு, ஒழுங்கா பூஜ்யம் காட்டும். மறுபடி சுத்தினாலும் அதே பூஜ்யம்தான் வரும், ஏன்னா சக்கரம் கழற்றப்படவே இல்லை.

இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி: சக்கரத்தைத் தளர்த்தி, தண்டு அசையாம, சக்கரத்தை மட்டும் அரைச் சுற்று திருப்பி, மறுபடி முறுக்கிச் சுத்தச் சொல்லுங்க. 5 கிராமுக்குள்ள வந்தா மையம் சரி. 10-க்கு மேல போனா கோன் (ரிம்மைத் தண்டில் மையமா நிறுத்தற கூம்பு) தப்பு, இல்லைன்னா நடு ஓட்டையில் துரு, பெயின்ட், பழைய ஸ்டிக்கர் ஏதோ இருக்கு. பெரும்பாலான ரிம்முக்குக் கோனை உள் பக்கத்திலிருந்து, அதாவது வண்டியில் ஹப் உட்காரும் பக்கத்திலிருந்து போடணும். அவசரத்தில் வெளிப் பக்கமா போட்டு முறுக்கிடுவாங்க.

நிறைய மெஷின் 5 கிராமுக்குக் கீழ இருந்தா அதையும் 0-ன்னே காட்டும். நுண்ணளவு காட்ட ஒரு பொத்தான் இருக்கும், அதை அழுத்திப் பார்க்கச் சொல்லலாம்.

இடது முன்னில் 75 கிராம் கொஞ்சம் அதிகம். அதுக்கு மேல மேல வெயிட் ஒட்டறது தீர்வு இல்லை. டயரை ரிம்மில் அரைச் சுற்று நகர்த்தி மாட்டினா பல நேரம் பாதிக்குப் பாதி குறையும். புது டயரில் மஞ்சள் புள்ளி இருந்தா அது லேசான இடம், அதை வால்வுக்கு நேரா வைக்கணும்.

கடைசியா, முக்கியமானது: வெளி அலாயின் நடு ஓட்டை பெரும்பாலும் 73.1 மி.மீ. ஸ்விஃப்ட் ஹப் 54.1 மி.மீ. நடுவில் ஒரு பிளாஸ்டிக் அல்லது அலுமினிய வளையம் வேணும். டயர் மாத்தும்போது அது ஹப்பிலேயே ஒட்டிக்கும், இல்லைன்னா கழன்று தரையில் உருளும். பழைய டயரில் உதறல் இல்லை, புதுசில் வந்திருக்குன்னா எனக்கு முதல் சந்தேகம் அந்த வளையம்தான்.

கோன்_செட்:
ஈயக்கட்டி சொன்னது சரி. கடைப் பக்கத்திலிருந்தும் ரெண்டு வார்த்தை. பழைய வெயிட்டை எடுக்காம மேலேயே புதுசு ஒட்டறது கடையின் தப்பு. ஆனா குழியில் விழுந்து வளைஞ்ச ரிம்மை எவ்வளவு பேலன்ஸ் பண்ணாலும் உதறும், அது கடையின் தப்பு இல்லை. சக்கரம் மெஷினில் மெதுவா சுத்தும்போது ரிம் ஓரத்துக்குப் பக்கத்தில் ஒரு பேனாவை அசையாம பிடிங்க. இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கு மேல கூடிக் குறைஞ்சா ரிம் வளைவு. ரிம் ஒழுங்கா இருந்து டயர் மட்டும் ஆடினா, டயர் சரியா உட்காரலை.

டயர் உட்கார்ந்திருக்கான்னு வீட்டிலேயே பார்க்கலாம். ரிம்மை ஒட்டி டயரில் மெல்லிசா ஒரு வரி ஓடும். அந்த வரிக்கும் ரிம் ஓரத்துக்கும் உள்ள இடைவெளி சுற்றிலும் ஒரே மாதிரி இருக்கணும். ஒரு இடத்தில் உள்ளே இறங்கிப் போனா விளிம்பு ஏறலைன்னு அர்த்தம். பிரிச்சு, ரிம்மைத் துடைச்சு, விளிம்பில் டயர் மாட்டற வழுக்குப் பசை தடவி மறுபடி ஏத்தணும். ஏறலைன்னு 40 பிஎஸ்ஐக்கு மேல அடிக்கிற கடையில் பக்கத்தில் நிக்காதீங்க, விளிம்பு வெடிக்கும்.

டோ_கேம்பர்:
இழுப்பு விஷயத்துக்கு வருவோம். பிரிண்டில் பச்சை என்பதை நம்பும் முன் நான்கு விஷயம் பார்க்கவும்.

ஒன்று: மேலே வண்டி மாடலும் வருடமும் சரியாக அச்சாகியிருக்கிறதா? வேறு மாடலைத் தேர்ந்தெடுத்திருந்தால் பச்சைக்கே அர்த்தமில்லை. இரண்டு: வேலைக்கு "முன்", வேலைக்குப் "பின்" என இரண்டு அளவும் இருக்கிறதா? முன் அளவு வெறுமையாக இருந்தால், வேலை முடிந்த பிறகு ஒரு முறை மட்டும் அளந்திருக்கிறார்கள். மூன்று: அளக்கும் முன் காற்றழுத்தம் சமமாக வைத்தார்களா, வண்டியை முன்னும் பின்னும் உருட்டினார்களா? அந்த உருட்டல்தான் ரிம் வளைவையும் அளப்பதற்காகச் சக்கரத்தில் மாட்டிய பலகையின் சாய்வையும் கணக்கிலிருந்து நீக்கும். நான்கு: டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) திருத்தும்போது ஸ்டியரிங்கை நேராக வைத்துப் பூட்டினார்களா? பூட்டாமல் செய்தால் மொத்த டோ சரியாக வரும், ஆனால் ஸ்டியரிங் கோணலாக நிற்கும். ஸ்டியரிங் கோணல் வேறு, வண்டி இழுப்பது வேறு. பலர் இரண்டையும் குழப்புகிறார்கள்.

அலகையும் கவனிக்கவும். சில பிரிண்டில் பாகை-நிமிடம், சிலவற்றில் தசமப் பாகை. 0.10 பாகை என்பது 6 நிமிடம்தான், 10 நிமிடம் அல்ல. 15 அங்குல ரிம்மில் 1 மி.மீ. டோ என்றால் சுமார் 9 நிமிடம்.

உண்மையான சோதனை ஒன்றுதான்: வண்டியை மேடையிலிருந்து இறக்கி, பலகைகளைக் கழற்றி, மறுபடி ஏற்றி மாட்டி அளக்கச் சொல்லுங்கள். எதையும் தொடாமலே எண்கள் இரண்டு மூன்று கோண நிமிட வித்தியாசத்துக்குள் திரும்ப வர வேண்டும். வராவிட்டால் அந்த மெஷினுக்கு அளவுத் திருத்தம் தேவை, உங்கள் பிரிண்ட் வெறும் காகிதம். கோபப்படாமல் கேளுங்கள். நல்ல கடை பத்து நிமிடத்தில் செய்து காட்டும்.

இந்த வண்டியில் பின் அச்சுக்குத் திருத்தும் வசதி கிடையாது, முன் கேம்பரும் (சக்கரத்தின் மேல் பக்கம் உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணம்) அப்படித்தான். "பின் பக்கம் அட்ஜஸ்ட் பண்ணோம்" என்று பில் போட்டால் எதை என்று கேட்கலாம்.

நம் ரோடுகள் தண்ணீர் வடிய ஓரமாகச் சரிந்திருக்கும். இடதில் ஓட்டும்போது லேசாக இடது பக்கம் ஒதுங்குவது இயல்பு. தட்டையான இடத்தில், அல்லது ரோட்டின் வலது சரிவில் பாதுகாப்பாக முடிந்தால், சோதித்துப் பாருங்கள். அங்கும் இடது பக்கமே போனால், முன் சக்கரம் இரண்டையும் இடம் வலமாக மாற்றி மாட்டுங்கள் (டயரில் சுழல் திசை அம்பு இல்லாவிட்டால் மட்டும்). இழுப்பு வலது பக்கம் திரும்பினால் டயரின் உருவாக்கத்தில் உள்ள கூம்புச் சாய்வு, அலைன்மென்ட் இல்லை. மாறாவிட்டால் அலைன்மென்ட் அல்லது ஒரு பக்க பிரேக் பிடித்திருப்பது. ஓட்டி நிறுத்தி ரிம்மின் சூட்டை இரு பக்கமும் ஒப்பிட்டால் பிரேக் தெரியும். கையைச் சுட்டுக்கொள்ள வேண்டாம், கொஞ்சம் தள்ளியே வைத்துப் பாருங்கள்.

பழைய_ஸ்டெப்னி:
காத்து குறையறது மூணிலும் சுலபமானது. 35 பிஎஸ்ஐ அடிச்சுட்டு சோப்புத் தண்ணியை மூணு இடத்தில் ஊத்துங்க: வால்வு வாய், வால்வின் அடி, ரெண்டு பக்க ரிம் ஓரம். வால்வை விரலால் பக்கவாட்டில் மெல்ல வளைச்சுப் பிடிச்சுப் பாருங்க, வெடிப்பு இருந்தா அப்பத்தான் குமிழி வரும். டயர் மாத்தும்போது ரப்பர் வால்வையும் மாத்தணும். பில்லில் நாலு வால்வு இருக்கான்னு பாருங்க. பழசை விட்டுட்டுப் புதுசுக்குக் காசு வாங்கியிருக்கலாம். ரிம் ஓரத்தில் குமிழி வந்தா அலாயின் விளிம்பில் வெள்ளையா அரிப்பு இருக்கும், சுரண்டித் துடைச்சாத்தான் நிக்கும்.

நட்டும் பாருங்க. ஏர் கன்னால் முறுக்கி விட்டிருந்தா ஒண்ணு அதிகம், ஒண்ணு கம்மி. சின்னக் கார்களுக்குப் பெரும்பாலும் 85 முதல் 120 நியூட்டன் மீட்டருக்குள்ள இருக்கும், சரியான எண் உங்க கையேட்டில் இருக்கு. டார்க் ரெஞ்ச் (குறிச்ச இறுக்கம் வந்ததும் சத்தம் போடற ஸ்பேனர்) வெச்சு "கிளிக்" கேட்டா போதும்னு நினைக்காதீங்க. ஏற்கெனவே அதிகமா இறுகின நட்டிலும் உடனே கிளிக் கேட்கும். ஒவ்வொண்ணா தளர்த்தி, குறுக்குக் குறுக்கா மறுபடி இறுக்கணும். 50–100 கி.மீ. ஓடினதும் இன்னொரு தடவை.

டயர் பக்கவாட்டில் கடைசி நாலு எண்ணையும் படிங்க: 2324 என்றால் 2024-ஆம் வருடம் 23-ஆம் வாரம். பல டயரில் தேதி ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும், அது உள் பக்கமா போயிருந்தா கீழே படுத்துத்தான் பார்க்கணும். மாட்டும் முன்னாடியே பார்க்கிறது நல்லது, இனி அடுத்த தடவைக்கு.

மலைக்கோட்டை_ஸ்விஃப்ட்:
நேத்து அரை நாள் கடையில் உட்கார்ந்து எல்லாம் பார்த்தாச்சு. எண்கள்:

இடது முன் சக்கரத்தைக் கழற்றினதும் வளையம் இல்லை. வலது பின்னில் இருந்ததும் கீறல் விட்டிருந்தது. புது வளையம் நாலும் போட்டாச்சு. இடது முன்னில் அரைச் சுற்றுச் சோதனையில் 30 கிராம் வந்தது. கோனை உள் பக்கமா போட்டு, டயரை அரைச் சுற்று நகர்த்தின பிறகு மொத்த வெயிட் 75-லிருந்து 30-க்கு இறங்கிடுச்சு, அரைச் சுற்றுச் சோதனையிலும் 5-க்குள்ள. 110 வரை உதறல் இல்லை.

இடது பின் பழைய வால்வுதான், அடியில் வெடிப்பு. பில்லில் நாலு வால்வு இருந்ததைக் காட்டினதும் பேசாம நாலையும் மாத்திக் கொடுத்தாங்க.

அலைன்மென்ட் இறக்கி ஏத்தி அளந்தாங்க. முன் மொத்த டோ முதல் தடவை 2 நிமிடம், ரெண்டாவது 4 நிமிடம். கேம்பர் இடது −20, வலது −15 நிமிடம். ஆனா இழுப்பு இன்னும் இருக்கு. முன் சக்கரம் ரெண்டையும் இடம் மாத்தினதும் இழுப்பு வலது பக்கம் திரும்பிடுச்சு.

டோ_கேம்பர்:
அப்படியென்றால் அலைன்மென்ட் வேலை சுத்தம். அதில் கடையைக் குறை சொல்ல எதுவும் இல்லை. கேம்பர் வித்தியாசம் 5 நிமிடம், அது வண்டியை இழுக்கப் போதாது. குறை டயரில்.

முன்னால் இருந்த இரண்டில் எது என்று கண்டுபிடிக்க, ஒன்றை மட்டும் பின் சக்கரத்தோடு மாற்றி ஓட்டவும். இழுப்பு போனால் அதுதான். அதைப் பின்னாலேயே விடுங்கள், பின்னால் அந்தச் சாய்வு கையில் தெரியாது. போகாவிட்டால் அதைத் திரும்ப வைத்து மற்றதை மாற்றவும். மாற்றித் தரக் கேட்பதாக இருந்தால் பில்லும், அந்த டயரின் பக்கவாட்டு எண் முழுவதையும் படம் எடுத்ததும், இரண்டு அலைன்மென்ட் பிரிண்டும் சேர்த்துக் கொடுங்கள். டயர் வரிகளின் ஆழம் அதிகம் தேயும் முன் கொடுப்பது நல்லது, ஈடு கொடுத்தால் மீதி ஆழத்தைப் பார்த்துத்தான் கணக்குப் போடுவார்கள்.

ஈயக்கட்டி:
சக்கரம் இடம் மாத்தும்போது வளையம் ஹப்பில் தங்குதா ரிம்மோட வருதான்னு ஒவ்வொரு தடவையும் பாருங்க. ஹப் முகத்தில் துரு இருந்தா கம்பி பிரஷ் போட்டுத் துடைச்சுட்டு மாட்டுங்க.